தாடை உடைந்தவனுக்குப் பல்லில் பசை பூசி 185,000 ரூபா எடுத்தார்கள்: மட்டக்களப்பு ஆட்கள் கவனம்

இன்று காலையில் அந்தப் பல் கிளினிக் ஆட்கள் என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்கள். இனி அவர்களோடு கதைக்க ஒன்றும் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். 185,000 ரூபா போச்சு. அதைவிடத் தம்பியின் தாடையில் சீழ் பிடித்தது. வேறு ஒரு குடும்பம் இதில் மாட்டக்கூடாது, என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விபரமாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. போட்டால் வழக்கு வைப்போம் என்று ஏற்கெனவே மிரட்டியாயிற்று. பேஸ்புக்கில் பல் வெள்ளையாக்கும் விளம்பரம் போடுகிற, கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள ஒரு தனியார் பல் கிளினிக். அவ்வளவு போதும்.

தம்பி கரடியனாறுப் பக்கம் வேலைக்குப் போய்விட்டு இரவில் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்துகொண்டிருந்தான். செங்கலடி - பதுளை வீதியில் இருட்டினால் மாடுகள் நடு றோட்டில் படுத்துக் கிடப்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கறுத்த மாடு, லைட்டில் தெரிந்தபோது கிட்ட வந்தாயிற்று. பிரேக் அடித்ததில் சைக்கிள் சறுக்கி, நாடி நேராகத் தாரில் போய் அடித்தது. ஹெல்மெட் போட்டிருந்தான், தலை தப்பியது. ஆனால் அது முகம் திறந்த ஹெல்மெட், நாடிக்கு ஒரு மறைப்பும் கிடையாது. யாரோ புண்ணியவான் 1990க்கு எடுத்ததில் அம்புலன்ஸ் வந்து பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அங்கே நாடிக் காயத்துக்குத் தையல் போட்டு, தலையில் பயப்பட ஒன்றுமில்லை என்று பார்த்து, "தாடையில சந்தேகம் இருக்கு, விடிஞ்சதும் பெரியாஸ்பத்திரி வாய் முக சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்க" என்று துண்டும் எழுதித் தந்தார்கள். ஒழுங்கான ஆட்கள். உடுப்பு எடுத்துக்கொண்டு போவோம் என்றுதான் வீட்டுக்கு வந்தோம்.

அன்றிரவே தம்பி சொன்னது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. "அக்கா, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துதில்ல. வேற யாருடையோ பல்லு வாய்க்குள்ள இருக்கிற மாதிரி." கீழுதட்டின் இடப்பக்கமும் நாடியும் மரத்துப்போய், தண்ணீர் வடிவதுகூட அவனுக்குத் தெரியவில்லை. நாக்கைத் தூக்கச் சொல்லி டோர்ச் அடித்தால் அடியில் கறுநீலமாக இரத்தம் கட்டியிருந்தது. வாயைத் திறந்தால் நாடி வலப்பக்கமாக இழுபட்டது. இவை எல்லாவற்றையும் அந்தக் கிளினிக் ஆளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அதை மட்டும் மறக்காமல் வாசியுங்கள்.

மச்சாள் ஒருத்தி அந்தக் கிளினிக்கின் பேஸ்புக் பக்க லிங்கை அனுப்பினாள். "ஒப்பரேஷன் இல்லை, கம்பிக் கட்டு இல்லை, தாடை எலும்பு சீராக்கப்படும்" என்று போட்டிருந்தார்கள். நடுச்சாமத்தில் மெசேஜ் போட்டால் உடனே பதில் வருகிறது! அடுத்த நிமிடம் போனே வந்துவிட்டது.

"அக்கா, பயப்படாதீங்க. எங்கட சொந்தத் தம்பி மாதிரிப் பார்ப்பம். பெரியாஸ்பத்திரிக்குப் போனீங்கெண்டா வாயைக் கம்பியால கட்டிப் பூட்டிருவாங்க, ஆறு கிழமைக்குத் திறக்கேலாது. முகத்த வெளியால வெட்டித் தழும்பாக்கிருவாங்க. கலியாணம் கட்டாத பொடியன்தானே?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தா. கலியாணம் என்ற சொல்லைக் கேட்டதும் அவவின் முகம் மாறியதைப் பார்த்தேன். எந்த இடத்தில் தொட்டால் தாய் விழுவாள் என்று தெரிந்து பேசுகிறவர்கள் இவர்கள். பாதி உண்மையைச் சொல்லிப் பயப்படுத்துவதுதான் இவர்களுடைய தொழிலே. கம்பி கட்டுவது உண்மை, ஆனால் எல்லாருக்கும் இல்லை. வெட்டுவது உண்மை, ஆனால் பெரும்பாலும் வாய்க்குள்ளாலேயே வெட்டுகிறார்கள், வெளியே தெரியாது.

காலையில் போனோம். வெள்ளைக் கோட், மெல்லிய குரல், சுவர் நிறையக் கண்ணாடி போட்ட சேர்ட்டிபிகேட். அம்மாவின் கையைப் பிடித்து, "நான் இருக்கிறன் அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் அம்மா அழுதுவிட்டா. பிறகு தம்பியின் வாய்க்குள் ஒரு சின்னத் துண்டு பிலிம் வைத்து எக்ஸ்ரே எடுத்தார். முத்திரை அளவுதான் அது. மூன்று பல்லும் அதன் வேரும் மட்டும் விழுந்திருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, "ரெண்டு பல்லு ஆடுது மகள், தாடையில மயிரளவு வெடிப்பு, வேற ஒண்டுமில்ல" என்றார். கடிபடவில்லையே என்றேன். "வீக்கம் வத்தினாச் சரியாகும்." உதடு மரத்திருக்கே என்றேன். "அதுவும் வீக்கம்தான்." எதைக் கேட்டாலும் வீக்கம்.

கீழ்ப்பல் வரிசையின் முன்பக்கம் மெல்லிய வயர் ஒன்றை வைத்து, வெள்ளைப் பசை பூசி, நீல லைட் அடித்து இறுக்கினார். நாடியைச் சுற்றி ஒரு பட்டி. 60,000 ரூபா.

வீக்கம் வற்றவில்லை. நாடிக்குக் கீழே சிவந்து சூடாக வந்தது. காய்ச்சல் வேறு. திரும்பக் கொண்டு போனால் கதை மாறிவிட்டது. "கொஞ்சம் விலகியிருக்கு. கொழும்பிலிருந்து பெரிய டொக்டர் ஞாயிற்றுக்கிழமை வாறார், டைட்டேனியம் பிளேட் வைப்பம். பிளேட் ஓடர் பண்ண வேணும், 125,000 முற்பணம்." ஒப்பரேஷனே இல்லை என்று கூப்பிட்டவர்கள் இப்போது ஒப்பரேஷனுக்குக் காசு கேட்கிறார்கள்! பிள்ளை வலியில் முனகுகிறான், அம்மா காப்பைக் கழற்றிவிட்டா. அடகுக் கடையிலிருந்து நேரே அங்கே போய்க் கட்டினோம். 60,000ம் 125,000ம், ஆக 185,000. ரசீதில் "முற்பணம் - சிகிச்சை" என்று மட்டும் எழுதியிருக்கிறது. டொக்டர் பெயர் இல்லை, பதிவிலக்கம் இல்லை, கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல்.

அதற்குப் பிறகுதான் நாடகம். முதல் ஞாயிறு, "டொக்டருக்கு அவசரக் கேஸ்." அடுத்த தடவை, "ரெயின்ல வாறார்." உதயதேவி வந்தது, போனது, அவர் மட்டும் இறங்கவில்லை. பிறகு, "பிளேட் கஸ்டம்ஸ்ல நிக்கிது." நேரில் போனால் ரிசப்ஷன் பிள்ளை, "சேர் தியேட்டர்ல நிக்கிறார் அக்கா" என்கிறாள். சேருடைய கார் வாசலில் நிற்கிறது. அந்தக் கிளினிக்கில் தியேட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு அவளிடம் பதிலில்லை. வட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் மட்டும் விழும். ஒரு தடவை பதில் வந்தது. கையெடுத்துக் கும்பிடும் படம்!

ஒரு இரவு தம்பியின் நாடிக்குக் கீழே உடைந்து சீழ் வந்தது. முதல் ஆஸ்பத்திரித் துண்டையே எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே இருந்த டொக்டர் ஒரு பிள்ளைதான், என் வயதுகூட இருக்காது. முதலில் கேட்டதே "தம்பி, கடி பொருந்துதா?" பசை வயரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டா. ஓபிஜி எடுக்க அனுப்பினார்கள். நிற்கவைத்து, மெஷின் தலையைச் சுற்றி வந்து, ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும். கூடவே நேருக்கு நேராக இன்னொரு எக்ஸ்ரே, பிறகு சீடி ஸ்கேன். படத்தை லைட்டில் வைத்தபோது எனக்கே தெரிந்தது. இடப்பக்கம் கோரைப் பல்லுக்குக் கிட்ட ஒரு உடைவு, எலும்பு படிபோல ஏறி இறங்கி நின்றது. வலப்பக்கம் காதுக்கு முன்னால், மூட்டுக்குக் கீழே இன்னொன்று.

அந்த டொக்டர் பொறுமையாகச் சொன்னா. கீழ்த்தாடை வளைந்த எலும்பு, வளைத்த பிரம்பில் ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கமும் வெடிப்பது போல, நாடியில் விழுந்த அடி காதுக்கு முன்னால் உள்ள மூட்டுக்குப் போய்விடும். அதனால் ஒரு உடைவைக் கண்டால் இரண்டாவதைத் தேடாமல் விடவே கூடாதாம். உதடு மரத்தது வீக்கத்தால் இல்லை, எலும்புக்குள்ளே ஓடும் நரம்பு உடைவில் அடிபட்டதால். அது திரும்ப மாதக்கணக்காகலாம். பல் இருக்கிற இடத்தில் உடைந்தால் அது வாய்க்குள் திறந்த காயம், எச்சில் போகும், அதனால் முதல் நாளே அன்டிபயோடிக் தொடங்கியிருக்க வேண்டும். எங்களுக்குத் தந்தது பனடோல்.

சீழை வடித்தார்கள். உடைவுக் கோட்டில் நின்ற பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. பிறகு மயக்கம் கொடுத்து, உதட்டுக்கு உள்பக்கம் வெட்டி, கடி பொருந்தும்படி எலும்பைச் சரியாக வைத்து டைட்டேனியம் பிளேட்டும் ஸ்குரூவும் போட்டார்கள். மூட்டுப் பக்கத்தை வெட்டவில்லை. மேல், கீழ்ப் பல்லில் கம்பிச் சட்டம் கட்டி, இறப்பர் போட்டுக் கடியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதையும் நெடுநாள் விடமாட்டோம், மூட்டு இறுகிப்போகும், வாய் திறந்து பயிற்சி செய்ய வேண்டும் என்றார்கள். வெளியே தழும்பென்று இருப்பது விழுந்த அன்று தார் கிழித்ததும் சீழ் உடைந்த இடமும்தான். இன்னும் பிந்தியிருந்தால் எலும்பு கோணலாகப் பொருந்தியிருக்கும், திரும்ப உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டி வந்திருக்கும். இத்தனைக்கும் பெரியாஸ்பத்திரியில் எங்களிடம் ஒரு சதம் கேட்கவில்லை. அங்கே 185,000, இங்கே ஒன்றுமில்லை. வயிறு எரிகிறது.

காசைத் திருப்பிக் கேட்கப் போனேன். "பிளேட் வந்திட்டு அக்கா, ஓடர் பண்ணினதைத் திருப்ப ஏலாது." சரி, அப்போ பிளேட்டைத் தாருங்கள், எங்கள் காசுதானே? "கொழும்பில இருக்கு." நேற்றுவரை கஸ்டம்ஸில் இருந்தது! பிறகு, "நீங்க இடையில விட்டிட்டுப் போனீங்க, அதுக்கு நாங்க பொறுப்பில்ல." கையைப் பிடித்துச் சாப்பிட்டீங்களா என்று கேட்ட அந்த மனிசன் உள்ளறையில் இருந்துகொண்டு வெளியே வரவேயில்லை. அம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. கடைசியில், "ரிவியூல நல்லதா எழுதினீங்கெண்டா 10,000 குறைச்சுத் தரலாம்" என்று ஒருத்தன் வந்து சொன்னான். 185,000இல் 10,000, அதுவும் பொய் எழுதினால்.

முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன். டொக்டரைப் பற்றி என்றால் இலங்கை மருத்துவ சபை, பல் வைத்தியர்களும் அங்கேதான் பதிய வேண்டும். கிளினிக்கைப் பற்றி என்றால் 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவை. நுகர்வோர் அதிகார சபைக்கு என்றால் 1977 என்ற நம்பருக்குப் போன் எடுக்கலாம்.

விபரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுதவே கை நடுங்குகிறது, அவசரத்துக்கு இவ்வளவு. அடிபட்ட பிறகு கடி பொருந்தாவிட்டால் தாடை உடைந்திருக்கிறது என்றே நினையுங்கள். முத்திரை அளவு பிலிமைக் காட்டி ஒன்றுமில்லை என்றால் எழும்பி வாருங்கள், முழுத் தாடைப் படம் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் நாடி அடிபட விழுந்தால் காயத்துக்குத் தையல் போட்டதோடு விடாதீர்கள், காதுக்கு முன்னால் மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், கவனிக்காமல் விட்டால் வாய் திறக்க முடியாமல் போகலாம், தாடை வளர்ச்சியும் கெடும். காசு கட்டுமுன் டொக்டரின் முழுப்பெயர், பதிவிலக்கம் இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள், எழுதமாட்டேன் என்றால் விளங்கிவிடும். கம்பி கட்டின ஆளை வீட்டுக்கு விட்டால் கம்பி வெட்டும் கட்டர் எந்நேரமும் தலைமாட்டில் இருக்கட்டும், வாந்தி வந்தால் மூச்சுக்கு அதுதான். நாடியை மூடுகிற முழு ஹெல்மெட் வாங்குங்கள்.

ரசீதின் போட்டோ என்னிடம் இருக்கிறது. இதே மாதிரி "கொழும்பு டொக்டர் ஞாயிறு வாறார்" என்று யாரிடமாவது காசு வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள், எல்லாருமாகச் சேர்ந்து முறைப்பாட்டைப் போடுவோம்.