வார்டு நர்ஸா, கிராம நர்ஸா?

பிளஸ் டூ முடித்த பெண் நர்ஸுக்குப் படிக்கப் போகிறேன் என்றால், எந்த நர்ஸ் என்று கேளுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி வார்டில் ட்ரிப் போடுபவரும் நர்ஸ்தான், சித்தேரி மலையில் வீடு வீடாக ஏறி இறங்கும் கிராம சுகாதார செவிலியரும் நர்ஸ்தான். வேலை மட்டும் வேறு வேறு.

வார்டுக்கு 3 வருட ஜி.என்.எம். நர்ஸிங் டிப்ளமோவோ 4 வருட பி.எஸ்ஸி.யோ வேண்டும். நைட் டியூட்டி உடம்பைப் படுத்தும். ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க டாக்டர் இருப்பார். பெங்களூரு, வெளிநாடு என்று கனவிருந்தால் இதுதான் சரி.

கிராமத்துக்கு 2 வருட ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ் படிப்பு போதும். படிப்புதான் சின்னது. கர்ப்பிணியை அரசுக் கணக்கில் பதிந்து பிக்மி எண் வாங்குவதில் தொடங்கி, பிறந்த குழந்தையின் ஒவ்வொரு ஊசியும் இவர் கணக்கில்தான். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் பேக் அடுக்கிய பெட்டியில் மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா குப்பியைத் திறந்துவிட்டால் 4 மணி நேரம்தான், மிச்சம் வீண். ராகி அறுப்புக்குப் போன அம்மா குழந்தையோடு வரும்வரை பொறுப்பதா, இருக்கிற குழந்தைகளுக்குத் திறந்துவிடுவதா? அங்கே இவர் முடிவுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம் என்றால் கன்னடமோ தெலுங்கோ கொஞ்சம் பேச வரவேண்டும். அப்புறம் ரிஜிஸ்டர்; எழுதியதையே மறுபடி ஆன்லைனிலும் ஏற்ற வேண்டும். சலிப்பே அதுதான்.

ஊர் மனிதர்களோடு ஒட்டிப் பழகுகிற பெண்ணுக்கு நான் கிராம வேலையைத்தான் சொல்வேன். ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் பிறகு ஜி.என்.எம். டிப்ளமோவிலும் சேரலாம்.