அமெரிக்க வரலாற்று அட்டைகள்: இரண்டு வாரம் ஆடிப் பார்த்த பின்

அடுத்த மாதம் என் அக்கா குடும்பம் பெங்களூருவை விட்டு நியூஜெர்சிக்குக் குடிபெயர்கிறது. அங்கே எட்டாம் வகுப்பில் சேரப்போகும் அக்கா மகளுக்கு அமெரிக்க வரலாறு முற்றிலும் புதிய பாடம். உடன் படிக்கப்போகும் பிள்ளைகளோ அந்தக் கதைகளைச் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடுசெய்யலாம் என்று, சர்ச் தெருப் பக்கம் உள்ள ஒரு கடையில் 1,150 ரூபாய் கொடுத்து, அமெரிக்க வரலாற்றின் முக்கிய நிகழ்வுகளைக் கால வரிசைப்படி கற்றுத்தரும் அட்டைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அவளும் அக்காவும் நானும் அநேகமாக ஒவ்வொரு மாலையும் அதை ஆடினோம். இதே தேவை உள்ள பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்டியில் 96 அட்டைகளும், நாமே எழுதிக்கொள்ள 6 வெற்று அட்டைகளும் இருக்கின்றன. முகப்பில் ஒரு படமும் நிகழ்வின் பெயரும், பின்புறம் ஆண்டும் ஐந்தாறு வரி விளக்கமும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டுள்ளன. கையில் இருக்கும் அட்டையை, ஆண்டைப் பார்க்காமலே, தரையில் ஏற்கெனவே வரிசையாகக் கிடக்கும் அட்டைகளுக்கு நடுவே சரியான இடத்தில் வைக்க வேண்டும். வைத்தபின் திருப்பிப் பார்க்கலாம். தவறென்றால் கட்டிலிருந்து இன்னோர் அட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். யார் கை முதலில் காலியாகிறதோ அவர் வென்றவர். ஆண்டுகளை மனப்பாடம் செய்யாத பிள்ளையும் ‘எது நடந்திருந்தால் எது நடந்திருக்க முடியும்’ என்று யோசித்தே ஆட முடிகிறது என்பதுதான் இந்தப் பெட்டியின் உண்மையான பலம். 1607இல் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம், 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பல், இவ்விரண்டுக்கும் நடுவே 1619இல் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் கரையிறக்கப்பட்டது என்று மூன்று அட்டைகளும் அடுத்தடுத்து விழுந்தபோது, அடிமை முறை அந்த நாட்டுக் கதையில் எவ்வளவு தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்பதை நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி எளிதில் ஒட்டிக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் நமக்குப் பழக்கமான அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. அமெரிக்கச் சுதந்திரப் போரில், 1781 அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி காரன்வாலிஸ், ஐந்து ஆண்டுகளில் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து, 1791 மார்ச் 21 அன்று திப்புவின் பெங்களூருக் கோட்டையைப் பிடித்தார். அட்டையின் பின்புறத்தில் இது இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்காகச் செய்த பெட்டியில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கே.ஆர். மார்க்கெட் அருகே உள்ள கோட்டைக்கு அழைத்துச் சென்று, மதில் உடைக்கப்பட்ட இடத்தைச் சுட்டும் கல்வெட்டைக் காட்டினேன். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த பாராமகால் பகுதியில் எங்கள் பூர்வீக ஊரான கிருஷ்ணகிரியும் அடக்கம் என்று சொன்னபோது, யார்க்டவுன் அவளுக்குத் தூரத்து ஊராக இல்லாமல் போனது.

இனி, என் முக்கியமான மனக்குறைக்கு வருகிறேன். அடிமைகளை விடுவிப்பதாக அதிபர் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தின் அட்டை அவள் கைக்கு வந்தபோது, அவள் அதை உள்நாட்டுப் போர் முடிந்த 1865 அட்டைக்குப் பின்னால் வைத்தாள். “ஜெயிச்ச அப்புறம்தானே மாமா விடுதலை பண்ண முடியும்?” என்பது அவள் கேள்வி. பிரகடனத்தின் தேதி 1863 ஜனவரி 1. ஆகவே விதிப்படி அவள் வைத்தது தவறு, தண்டனை அட்டை எடுத்தாள். ஆனால் அவள் யோசித்தது தவறே இல்லை. அந்தப் பிரகடனம் பிரிந்துபோய்ப் போரிட்டுக்கொண்டிருந்த தென் மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும். பிரியாமல் ஒன்றியத்திலேயே, அதாவது லிங்கனின் அரசின் கீழேயே, தங்கிவிட்ட டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கு அடிமை மாநிலங்களை அது தொடவில்லை. பிரிந்துபோன மாநிலங்களிலும் ஒன்றியத்தின் படை போய்ச் சேர்ந்த இடத்தில்தான் ஆணை செல்லுபடியானது. ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகளில் பெரும்பாலோர் அந்தப் படையின் வரவுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் விடுதலை ஆணை அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19 அன்று, அதாவது இரண்டரை ஆண்டுகள் கழித்து. நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று. ஜூன் 19 இப்போது அந்த நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை நாள். அதற்கு இந்தப் பெட்டியில் ஓர் அட்டை இல்லை.

இது ஓர் அட்டை விடுபட்ட குறை மட்டுமாக இருந்திருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஒரு நிகழ்வுக்கு ஒரு தேதி என்ற அமைப்பு, சொன்ன நாளை மட்டும் பதிவுசெய்து, சொன்னது நடந்த நாளை விட்டுவிடுகிறது. 1870 அட்டை கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது என்கிறது. 1965 அட்டையும் கறுப்பினத்தவர் வாக்குரிமை பெற்றதாகவே சொல்கிறது. “ஒரே உரிமையை ரெண்டு தடவை கொடுத்தாங்களா?” என்று அவள் கேட்டாள். இடைப்பட்ட 95 ஆண்டுகளில் தென் மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, வாக்களிக்கத் தனி வரி, நேரடி மிரட்டல் என்று எத்தனை வழிகளில் அந்த உரிமையைச் செல்லாக்காசாக்கின என்பதை அட்டைகள் சொல்லாததால், அக்காவும் நானும் ஒரு மாலை முழுவதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதைப் பேச வேண்டியதாயிற்று. பேசியதில் வருத்தமில்லை, ஆனால் பேச ஆளில்லாத வீட்டில் பிள்ளை இரண்டு அட்டைகளையும் சரியாக வைத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் எழுந்துபோகும்.

பூர்வகுடிகளைப் பற்றிய அட்டைகள் மூன்றே மூன்று. இரண்டாம் உலகப் போருக்கோ பதினொன்று. இந்த விகிதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. இங்கே பதினோராம் வகுப்பு என்சிஇஆர்டி வரலாற்று நூலிலேயே பூர்வகுடிகள் தம் நிலத்திலிருந்து அகற்றப்பட்டது பற்றித் தனிப் பாடம் இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்று 1924ஆம் ஆண்டின் ‘இந்தியர் குடியுரிமைச் சட்டம்’. பெயரைப் பார்த்ததும் நம்மைப் பற்றியது என்றே அவள் நினைத்துக்கொண்டாள். அது பூர்வகுடிகளுக்கான சட்டம். நம் நாட்டிலிருந்து போனவர்கள் அங்கே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதற்கு முந்தைய ஆண்டில்தான். 1946இல் அந்தத் தடை நீங்கியபோதும் இந்தியர்க்கு ஆண்டுக்கு 100 பேர் என்றே கணக்கு வைத்தார்கள். நாடுவாரிப் பாகுபாட்டு முறையை ஒழித்த குடியேற்றச் சட்டத்தில் 1965 அக்டோபர் 3 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். அல்சூரில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது அமெரிக்காவில் பிள்ளை இருப்பதற்கு அடித்தளம் அந்தச் சட்டம். அதுவும் பெட்டியில் இல்லை.

தகவல் பிழை என் கண்ணில் பட்டது ஒன்றுதான். 1776 ஜூலை 4 அன்று சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தானதாக அட்டை சொல்கிறது. அன்று நடந்தது ஒப்புதல், பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2 அன்று. அச்சும் தாளும் தரமானவை, இரண்டு வாரத்தில் ஓர் அட்டைகூட மடங்கவில்லை. மூடியின் மூலைகள் கிழிந்துவிட்டதால் அட்டைகள் இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் இதை வாங்கலாம் என்றே சொல்வேன், பெரியவர் ஒருவர் கூடவே உட்கார முடியுமானால். பன்னிரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம். பின்புறத்து ஆங்கிலம் சற்றுக் கடினம். மூன்று பேர் ஆடினால் ஒரு சுற்று முக்கால் மணி நேரத்தில் முடிகிறது. முதல் நாளே 96 அட்டைகளையும் இறக்காமல், சுதந்திரப் போர் முடிந்த 1783 வரையுள்ளவற்றைத் தனியே பிரித்து இரண்டு நாள் ஆடிவிட்டு மேலே செல்வது நல்லது. வெற்று அட்டைகளைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். நாங்கள் எழுதியவை நான்கு: 1791 பெங்களூரு, 1865 ஜூன் 19, 1946, 1965 அக்டோபர் 3. விடுதலைப் பிரகடனத்துக்கும் ஜூன் 19க்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டுத்தான் வைக்க வேண்டும் என்று அக்கா மகள் ஒரு புது விதி சேர்த்திருக்கிறாள். இப்போது நாங்கள் அப்படியே ஆடுகிறோம்.