உறையைப் பிரிக்காதேங்கோ

அமெரிக்காவின் இரண்டு வருஷக் கல்லூரியான கொம்யூனிற்றி கொலிஜில் ஒரு வருஷம், கொழும்பில் தனியார் கம்பஸில் இரண்டு செமெஸ்டர், வகுப்புக்குப் போகாமலே எழுதிக் கிரெடிட் எடுக்கக்கூடிய அமெரிக்கச் சோதனையான க்ளெப் (CLEP) இரண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர, இதெல்லாம் ஒரே ட்ரான்ஸ்கிரிப்டில், அதாவது படித்த பாடமும் எடுத்த புள்ளியும் காட்டும் தாளில், வரவேணும் என்றுதான் வெள்ளவத்தையில் புடவைக் கடைக்கு மேல்மாடியிலுள்ள ஆலோசனை நிலையத்துக்குப் போனேன்.

"பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் பாதி வந்திடும், தங்கச்சி" என்றார் அங்கிருந்த அண்ணா, கல்குலேட்டரைத் தட்டியபடி. தாளில் ஏறுவது வேறு, சேரப்போகும் பல்கலைக்கழகம் அதை ஏற்பது வேறு என்பதைக் காசு கட்டின பிறகுதான் சொன்னார். க்ளெப்பில் 50 எடுத்தால் கிரெடிட் கொடுக்கலாம் என்பது அமெரிக்கக் கல்விக் கவுன்சிலின் பரிந்துரை மட்டுமே. முடிவு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். அதோடு, வெளிநாட்டுப் படிப்பென்றால் பாடம் பாடமாக மதிப்பீடும் செய்விக்கவேணும், அதற்குத் தனிக்கட்டணம்.

அங்கே உருப்படியான ஆள் கவுண்டரில் இருந்த பிள்ளைதான். கொழும்புக் கம்பஸ் ட்ரான்ஸ்கிரிப்டை வைத்து ஒட்டித் தந்த என் உறையைத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டின இடத்தில் குத்தியிருந்த கம்பஸ் முத்திரை இரண்டாகக் கிழிந்திருந்தது. "அக்கா, பிரிச்சிட்டீங்களே!" ஆசையில் பிரித்தது நான்தான். இனி அது செல்லாதாம். கம்பஸே நேராக அனுப்பவேணும் என்று சொல்லி, கடிதத்தையும் அவளே எழுதித் தந்தாள்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டும் அந்தப் பிள்ளைக்கு.