கிம்ப்: சேவ் குடுத்தா ஜேபெக் ஆகாது, எனக்குப் பிடிச்சதே அதுதான்

கிம்ப்ங்கற இலவச போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் பத்தி எல்லாரும் சொல்ற முதல் குறை, சேவ் குடுத்தா ஜேபெக்கா சேவ் ஆகமாட்டேங்குது, எக்ஸ்சிஎஃப்னு என்னமோ வருதுங்கறதுதான். 2012ல 2.8 வெர்ஷன்ல வந்த மாற்றம் அது, சேவ்னா கிம்ப்போட சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப் மட்டும், ஜேபெக் பிஎன்ஜி எல்லாம் வேணும்னா தனியா எக்ஸ்போர்ட் பண்ணிக்கணும். ஆனா அது எவ்வளவு பெரிய நல்லதுன்னு ஒரு போட்டோவ பறிகொடுத்தவங்களுக்குத்தான் தெரியும்.

என் பொண்ணு சிவப்பு சட்டை போட்டுட்டு குதிக்கிற மாதிரி ஒரு படம், பின்னாடி முழுக்க நீல வானம். அப்போ வேற ஒரு ஆப் வச்சிருந்தேன், நாலு நாள் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சம் ஏத்தி, ஓரம் வெட்டி, தினமும் அதே ஜேபெக் மேலேயே சேவ் பண்ணிட்டு வந்தேன். கடைசில பிரிண்ட் போடலாம்னு பெருசாக்கிப் பார்த்தா வானம் பட்டை பட்டையா நிக்குது, சட்டை ஓரத்துல சிவப்பு கசிஞ்சு நீலத்துல இறங்கியிருக்கு, தலைமுடியைச் சுத்தி கொசு மொய்ச்ச மாதிரி புள்ளிங்க. ஒரிஜினலும் கையில இல்ல. இப்பவும் அத நினைச்சா வயிறு எரியுது.

ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமா பிரிச்சு, கண்ணுக்கு சட்டுனு தெரியாத நுணுக்கத்தை எல்லாம் தூக்கிப் போட்டுத்தான் சைஸ குறைக்குது, நிறத்தோட விவரத்துல இன்னும் தாராளமாவே கை வைக்கும். ஒரு தடவைன்னா பரவால்ல, எடிட் பண்ணி மறுபடி மறுபடி சேவ் பண்ணா மிச்சம் இருக்கறதுலயும் போகும், ஓரம் வெட்டினா கட்டமும் இடம் மாறி புது இடத்துல அடி விழும். சும்மா திறந்து பார்க்கறதுக்கும் காப்பி எடுக்கறதுக்கும் ஒண்ணும் ஆகாது, பயப்பட வேணாம்.

எக்ஸ்சிஎஃப்ல இந்தத் தொல்லையே கிடையாது, லேயர் (படத்தோட தனித்தனி அடுக்கு), மாஸ்க் (அடுக்குல எது தெரியணும், எது மறையணும்னு வைக்கிறது) எல்லாம் அப்படியே இருக்கும், எத்தனை நாள் கழிச்சு திறந்தாலும் விட்ட இடத்துலருந்து வேலை பார்க்கலாம். சைஸ் என்னமோ பெருசுதான், டிஸ்க்ல இடம் வச்சுக்கோங்க.

2018ல வந்த 2.10லருந்து ஒரு நிறத்துக்கு 16, 32 பிட் வரைக்கும் வேலை பார்க்கலாம். சாதாரண ஜேபெக்ல ஒரு நிறத்துக்கு 256 படிதான், 16 பிட்ல 65,536, அதனால வானத்தை எவ்வளவு இழுத்தாலும் பட்டை விழறது ரொம்பக் குறைவு. அதுக்காக ஜேபெக்கைத் திறந்து 16 பிட்டுக்கு மாத்திட்டா போனது திரும்பி வராதுங்க, முழுப் பலன் வேணும்னா முதல்லயே கேமரால ரா ஃபைலா, அதாவது சென்சார்ல பதிஞ்ச விவரத்தோடயே, எடுக்கணும். ராவை கிம்ப் தானா திறக்காது, ராவைத் திறக்கற டார்க்டேபிள் இல்லன்னா ராதெரபி சாஃப்ட்வேரையும் கூட போட்டுக்கணும்.

எக்ஸ்போர்ட் விண்டோ எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரிவியூவ டிக் பண்ணிட்டு குவாலிட்டிய இழுத்தா சைஸ் எவ்வளவு வரும்னும் படம் எங்க உடையுதுன்னும் அங்கேயே தெரியும், நான் 90க்கு கீழ போறதில்ல, சிவப்பு நிறைய இருந்தா சப்சாம்ப்ளிங்க (நிறத்தோட விவரத்தை எவ்வளவு குறைக்கணும்ங்கற செட்டிங்) 4:4:4ல, அதாவது குறைக்காம, வச்சிடுவேன். ஃபைல் மெனுல, திறந்த ஜேபெக் மேலேயே எழுதிடற ஓவர்ரைட்னு ஒண்ணு இருக்கும், அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க.