ரேக்குக்கு இரண்டு லைன் என்று பில் போட்டார்கள், வந்தது ஒன்றுதான்

கோவையில் ஒரு சின்ன கம்பெனியின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரே ரேக், எட்டு சர்வர். ஒவ்வொன்றிலும் இரண்டு பவர் சப்ளை. ஒரு லைன் போனாலும் மற்றதில் ஓடட்டும் என்றுதான் கூடுதல் காசு கொடுத்து அப்படி வாங்கினோம். வயரிங் எடுத்த கான்ட்ராக்டரின் கொட்டேஷனில் தனித்தனி எம்.சி.பி.யோடு (லோடு மிஞ்சினால் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்) இரண்டு லைன், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள், எர்த்திங் எல்லாம் இருந்தன. ரேக்கின் பின்னால் இடப்பக்கம் சிவப்பு பி.டி.யு. (சர்வர்களுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பிளக் பட்டை), வலப்பக்கம் நீலம். பார்க்க லட்சணமாக இருந்தது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரலில் மேலும் இரண்டு சர்வர் ஏற்றினோம். ஒரு மணி நேரம் கழித்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மொத்த ரேக்கும் அணைந்தது. போய்ப் பார்த்தால் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று விழுந்திருக்கிறது, பக்கத்தில் இருந்த இரண்டாவது ‘ஆன்’ நிலையிலேயே இருக்கிறது. அப்படியென்றால் பாதியாவது ஓட வேண்டுமே? அந்தச் சந்தேகத்தை அன்றே விடாமல் பிடித்திருக்க வேண்டும். கான்ட்ராக்டர் அனுப்பிய பையன் “லோடு ஜாஸ்தி சார்” என்று 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டி, “இனிமே விழாது” என்றான். உண்மைதான், விழவில்லை. எம்.சி.பி. இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான். ஒயர் தாங்குவதைவிடப் பெரியதைப் போட்டால் அது சும்மா நிற்கும், ஒயர் வேகும்.

பத்தாம் நாள் பிளாஸ்டிக் கருகும் வாடை. வேறொரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். தரைப்பலகையைத் தூக்கியதும் தலையில் கை வைத்துவிட்டார். முதல் எம்.சி.பி.யிலிருந்து ஒரே ஒயர் வந்து, முறுக்கி டேப் சுற்றிய இடத்தில் இரண்டாகப் பிரிந்து இரு பி.டி.யு.வுக்கும் போகிறது. டேப் உருகி ஒட்டியிருந்தது. ஒயர் 4 அல்ல, 1.5. ஒயரில் ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 21 ஆம்பியர் காட்டியது. இரண்டாவது எம்.சி.பி.யின் கீழே எதுவும் மாட்டவே இல்லை, வெறும் பொம்மை! எர்த்துக்கான பச்சை ஒயரை வெட்டி ரேக்குக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். சர்வரைத் தொட்டால் விரல் சுரீர் என்றது இதனால்தான். ஒவ்வொரு பவர் சப்ளையும் கசியவிடும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் பாடியிலேயே நின்றிருக்கிறது. ஏ.சி.க் காற்று வறட்சி என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி வேலை கொடுக்கிறவர்கள் பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன், கான்ட்ராக்டரை அறையிலேயே நிறுத்திவைத்து ஒரு எம்.சி.பி.யை அணைத்துப் பாருங்கள். ஒரு பி.டி.யு. மட்டும் சாக வேண்டும், சர்வர்கள் எல்லாம் ஓட வேண்டும். அப்புறம் மற்றதையும் அப்படியே. ஒன்று போனால் முழு லோடும் அடுத்ததன் தலையில்தான் விழும், அதனால் 16 ஆம்பியர் லைன் என்றால் இரண்டிலும் ஓடுவதைக் கூட்டினாலும் அதன் 80 சதவீதமான 12.8-க்குள் இருக்கட்டும். கேபிளின் மேல் அச்சடித்திருக்கும் அளவை நீங்களே படியுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அந்த 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு மட்டும் காசு வேண்டாம் என்கிறார்.