குளோஷருடன் 12 ஆண்டுகள்: லூப்பில் விழுந்த அடியும் அப்புறம் தெளிந்ததும்

தனக்கு வெளியே இருக்கும் வேரியபிளையும் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபங்ஷன்தான் குளோஷர். அந்தப் பெயர் தெரிவதற்கு முன்பே நான் அதில் மாட்டிக்கொண்டேன். பைத்தானில் ஒரு சின்னக் கருவி எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு அறிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். ஒரு ஃபங்ஷனுக்குள் லூப் போட்டுப் பட்டன்களை உருவாக்கி, அமுக்கினால் அந்த அறிக்கையைத் திறக்கும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு லாம்டா, அதாவது பெயரில்லாத சின்ன ஃபங்ஷன், கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தால், எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஆறாவது அறிக்கையே திறந்தது. பட்டன்களின் மேல் இருந்த பெயர்கள் மட்டும் அத்தனையும் சரி. அதுதான் என்னை அதிகம் குழப்பியது. ஒரே லூப், ஒரே வேரியபிள், பெயர் சரியாக வருகிறது, செயல் மட்டும் தப்பாகப் போகிறது. இரண்டு நாள் இதிலேயே போனது.

விஷயம் இதுதான். பட்டனின் பெயரை லூப் ஓடும்போதே கொடுத்துவிட்டேன். அந்த நொடியில் வேரியபிளில் என்ன இருந்ததோ அது பட்டனுக்குப் போய்விட்டது. லாம்டா அப்படியில்லை. அது மதிப்பை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, வேரியபிளையே பிடித்து வைத்துக்கொண்டது. நான் பட்டனை அமுக்கிய பிறகுதான் அந்த வேரியபிளுக்குள் எட்டிப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து, கடைசி அறிக்கை அங்கே உட்கார்ந்திருக்கிறது.

பைத்தானில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இப்படி வெளி வேரியபிளைப் பிடித்த ஒவ்வொரு ஃபங்ஷனும் தன்னோடு செல் என்ற சின்னப் பெட்டிகளை வைத்திருக்கும். ஆறு லாம்டாக்களின் செல்களையும் வரிசையாக அச்சிட்டுப் பார்த்தேன். ஆறிலும் ஒரே முகவரி. ஆறு ஃபங்ஷனுக்கும் சேர்த்து ஒரே பெட்டி. எந்த விளக்கத்தையும்விட அந்த ஆறு வரிகள்தான் எனக்குப் புரிய வைத்தன.

இதற்குப் பலரும் சொல்லும் வழி, வேரியபிளை லாம்டாவின் டீஃபால்ட் மதிப்பாக, அதாவது அழைப்பவர் எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பாக, கொடுப்பது. டீஃபால்ட் மதிப்பு லாம்டா உருவாகும்போதே கணக்கிடப்படுவதால் அது வேலை செய்யும். ஆனால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டன், திரை போன்றவற்றை உருவாக்கும் சில யூஐ நூலகங்கள் பட்டனை அமுக்கும்போது தாங்களாகவே ஒரு மதிப்பை அனுப்பும். அது நேராக அந்த டீஃபால்ட்டின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அறிக்கையின் பெயருக்குப் பதில் ஃபால்ஸ் வந்து நிற்கும். இப்போதெல்லாம் லாம்டாவை உருவாக்கித் தருவதற்கென்றே தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதி, அதை லூப்புக்குள் அழைக்கிறேன். ஒவ்வொரு அழைப்புக்கும் புதுப் பெட்டி கிடைத்துவிடும்.

சில ஆண்டுகள் வரை, மதிப்பைப் பிடிக்காமல் வேரியபிளைப் பிடிப்பதே தவறான வடிவமைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் மாறியது ஒரு எண்ணியை எழுதியபோது. ஒரு ஃபங்ஷனுக்குள் எண்ணிக்கை என்று ஒரு வேரியபிள். கூட்டு, காட்டு என்று இரண்டு உள் ஃபங்ஷன்கள். கூட்டு அதை ஏற்றும், காட்டு அதைச் சொல்லும். வெளி ஃபங்ஷன் முடிந்து போனாலும் இரண்டும் ஒரே எண்ணிக்கையைப் பார்க்கின்றன, வேறு யாராலும் அதைத் தொட முடியாது. உருவான நேரத்து மதிப்பை மட்டும் ஆளுக்கொரு நகலாக வைத்திருந்தால், காட்டு காலம் முழுக்கப் பூஜ்யத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

கணினி அறிஞர் பீட்டர் லேண்டின் 1964-இல் குளோஷர் என்ற பெயரை வைத்தபோதே எண்ணம் இதுதான்: ஃபங்ஷனின் குறியீடும் அது பிறந்த சூழலும் சேர்ந்து ஒரே பொருள். 1975-இல் வந்த ஸ்கீம் என்ற மொழி அதைத் தன் மையத்திலேயே வைத்தது. ஆக, பகிர்ந்துகொள்வது குளோஷரின் குறை அல்ல, அதன் உயிரே அதுதான். என் பட்டன்களைக் கெடுத்தது லூப். ஆறு சுற்றுக்கும் ஒரே வேரியபிளை அது திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற மொழிகளைப் பார்த்தால் படம் தெளிவாகிறது. சி ஷார்ப் 2012-இல், தன் ஐந்தாம் பதிப்பில், ஃபார்ஈச் என்ற லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள் கொடுத்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் வேரியபிளை அறிவிக்க 2015-இல் வந்த லெட் என்ற சொல், ஃபார் லூப்பிலும் அதையே செய்கிறது. பழைய வார் என்ற சொல்லால் அறிவித்தால் இன்றும் ஒரே வேரியபிள்தான். இரண்டு மொழியுமே குளோஷரைத் தொடவில்லை, லூப்பைத்தான் திருத்தின.

சி++ கொடுத்த வலி வேறு வகை. அங்கே மதிப்பின் நகலைப் பிடிப்பதா, ரெஃபரன்ஸை, அதாவது வேரியபிளையே சுட்டுவதை, பிடிப்பதா என்று நாமே எழுத வேண்டும். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஏனென்றால் நோக்கம் வரியிலேயே தெரிகிறது. ஆனால் ரெஃபரன்ஸாகப் பிடித்தால் வேரியபிளின் ஆயுளை அது நீட்டாது. லோக்கல் வேரியபிள் ஒன்றை அப்படிப் பிடித்த லாம்டாவை ஒரு வரிசையில் போட்டுவிட்டு ஃபங்ஷனை விட்டு வெளியே வந்தேன். சோதனைக்கான டீபக் பில்டில் ஒழுங்காக ஓடியது, வெளியிடுவதற்கான ரிலீஸ் பில்டில் குப்பை எண்கள் வந்தன. அன்றிலிருந்து, லாம்டா அந்த இடத்திலேயே ஓடி முடியும் என்றால் மட்டும் ரெஃபரன்ஸ். எங்காவது சேமிக்கப்படும் என்றால் மதிப்பு. ரஸ்ட் மொழியில் இதே தப்பைச் செய்தால் கம்பைலரே தடுத்துவிடும், வேரியபிளை லாம்டாவுக்குள்ளேயே கொண்டுபோகும் மூவ் என்ற சொல்லைப் போடச் சொல்லும்.

ஜாவாவில் லாம்டா பிடிக்கும் லோக்கல் வேரியபிளை அப்புறம் மாற்றவே கூடாது. முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரே ஒரு உறுப்பு கொண்ட அரே வைத்து அந்த விதியைச் சுற்றிப் போயிருக்கிறேன். அதே லாம்டாவைப் பல த்ரெட்களில், அதாவது ஒரே நேரத்தில் பல இழைகளில், ஓட்டியபோது எண்ணிக்கை சிதறியது. அந்த விதி எதிலிருந்து காப்பாற்றப் பார்த்தது என்று அப்போது புரிந்தது.

நினைவகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வலைப்பக்கம் நேரம் போகப்போகக் கனத்துக்கொண்டே வந்தது. நினைவகத்தில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் ஹீப் ஸ்னாப்ஷாட்டை எடுத்துப் பார்த்தால், க்ளிக் போன்ற நிகழ்வுக்காகக் காத்திருக்கும் ஒரு சின்ன ஃபங்ஷனின் (ஈவன்ட் லிசனர்) பிடியில் பெரிய அரே ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. லிசனர் அந்த அரேயைத் தொடவே இல்லை. அதே ஸ்கோப்பில், அதாவது அதே வெளி ஃபங்ஷனுக்குள், பிறந்த இன்னொரு ஃபங்ஷன்தான் தொட்டது. க்ரோமில் இருக்கும் வி8 இன்ஜின், ஒரு ஸ்கோப்பில் பிறக்கும் ஃபங்ஷன்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே சூழலைத்தான் வைக்கிறது. ஒருவருக்குத் தேவையானது, எல்லோரும் போகும் வரை விடுதலையாகாது. லிசனரைத் தனி ஃபங்ஷனாக வெளியே எடுத்தேன், சரியானது.

கடைசியாக கோ மொழி. அதில் பல ஆண்டுகள் லூப்புக்குள் முதல் வரியாக வேரியபிளை அதே பெயரில் மறுபடி அறிவித்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பெட்டி கிடைக்கட்டும் என்று. 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பு அதைத் தானே செய்யத் தொடங்கியது. மாட்யூல் கோப்பில் அந்தப் பதிப்பையோ அதற்கு மேலோ குறிப்பிட்டிருந்தால் போதும். எண்ணை மாற்றி, பழைய வரிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு டெஸ்ட்களை ஓட்டினேன்.

வருஷக்கணக்கில் பச்சையாக இருந்த ஒரு டெஸ்ட் சிவப்பாகியது. புதுப் பதிப்புதான் எதையோ உடைத்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். திறந்து பார்த்தால், அதில் மட்டும் அந்த மறு அறிவிப்பு வரியை எழுத மறந்திருக்கிறேன். உள்ளே இருந்த டெஸ்ட்கள் பேரலலாக, அதாவது ஒரே நேரத்தில், ஓடுபவை. லூப் முழுதாக முடிந்த பிறகுதான் கிளம்பும். ஒன்பது உதாரணங்களில் இத்தனை காலமும் கடைசி ஒன்றையே ஒன்பது முறை சோதித்துக்கொண்டிருந்தது. நான்காவது உதாரணத்தில் நிஜமான பக் ஒன்று இருந்தது. அன்று மாலையே அதைச் சரிசெய்தேன்.