கொலம்போவோடு பல வருஷம்: எது தேய்ந்தது, எது தேயவில்லை

கொலைகாரன் யார் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுகிற ஒரு துப்பறியும் தொடரை எதற்குத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாய் என்று வீட்டில் கேட்டுக் களைத்துவிட்டார்கள். காட்டிவிடுவதால்தான் பார்க்கிறேன். ஆளை ஒளித்து வைத்துக் கடைசியில் அவிழ்க்கும் கதை, ஒருமுறை அவிழ்ந்தால் முடிந்தது. கொலம்போ என்கிற இந்த அமெரிக்கத் தொடரில் அந்தப் பிரச்சினையே இல்லை. யார், எப்படி, எதற்கு என்று எல்லாம் எங்களுக்குத் தெரியும். பொலிஸ் லெப்டினன்ட் கொலம்போ என்கிற அந்தக் கசங்கிய கோட்டுக்காரர் மட்டும் தெரியாதவர்போல வந்து நின்று, போகப் புறப்பட்டு, வாசலில் திரும்பி இன்னும் ஒரு விஷயம் கேட்பார். அந்தத் திரும்பலுக்காக எத்தனை தரமும் பார்க்கலாம்.

முதலில் விபரம். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் இருவரும் உருவாக்கிய பாத்திரம். பீற்றர் ஃபோல்க் கொலம்போவாக 1968இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் முதலில் வந்தார், தொடர் 1971இலிருந்து 1978 வரை என்.பி.சி. தொலைக்காட்சியில் போனது, பிறகு 1989இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் திரும்பத் தொடங்கி 2003இல் முடிந்தது. எல்லாமாக 69 எபிசோட். ஒவ்வொன்றும் ஒரு படத்தின் நீளம், குறைந்தது ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம், சிலது ஒன்றரையைத் தாண்டும். இந்த நீளத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதுதான் என்னுடைய பெரிய முறைப்பாடு.

என்னிடம் இருப்பது லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஒரு நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பெட்டியோடு கொண்டுவந்து தந்த டிவிடிகள். யாழ்ப்பாணத்துப் புழுதிக்கும் வெக்கைக்கும் சில தட்டுகள் கீறல் விழுந்து நடுவில் நின்றுவிடும், அதனால் ஹாட் டிஸ்க்கில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு அதுவும் தேவையில்லை, கொலை நடக்கிறதைக் கண்ணால் பார்த்துவிட்டதால் மிச்சத்தை முகங்களை வைத்தே பிடித்துவிடுவார். “உந்தாள் இன்னும் போகேல்லையோ?” என்று கொலைகாரன் பக்கம் நின்று எரிச்சல்படுவார், பிறகு அவரே “பாவம், ஒரு தேத்தண்ணியாவது குடுக்கலாம்” என்பார்.

இனி எபிசோட்களுக்கு வருவோம். ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பட்டியல்களைப் பார்த்தால் இரண்டு வகை கலந்து கிடக்கும். ஒன்று, கொலைகாரனை மாட்டவைக்கும் கடைசி நிமிஷப் பொறிக்காகப் பிடித்தவை. மற்றது, கொலைகாரரும் கொலம்போவும் எதிரெதிரே இருந்து கதைப்பதே போதும் என்கிற மாதிரியானவை. முதல் தரம் பார்க்கும்போது பொறிதான் வெல்லும். வருஷக்கணக்கில் பார்த்தால் இரண்டாவது வகைதான் நிற்கும். இதுதான் என் அனுபவம், இதில் ரொறன்ரோவில் இருக்கும் மச்சானோடு எனக்குத் தீராத சண்டை.

மச்சானின் கட்சி “சூட்டபிள் ஃபோர் ஃபிரேமிங்” (1971). மாமனின் ஓவியங்களுக்காக அவரைக் கொன்றுவிட்டு, பழியை மாமனின் முன்னாள் மனைவிமேல் போடும் கலை விமர்சகராக றொஸ் மார்ட்டின். திருடிய ஓவியத்தில் கொலம்போவின் கைரேகை இருக்கிறது, அந்த ஓவியம் கொலைகாரனின் கையில் இருந்தபோது கொலம்போ தொட்டதால் பட்டது என்கிறார்கள். இல்லை, இப்போதுதான் தொட்டிருப்பாய் என்று ஆள் கத்துவார். கொலம்போ ஒரு சொல்லும் சொல்லாமல் கோட்டுப் பைக்குள் இருந்து கைகளை எடுப்பார். இரண்டிலும் கையுறை. அப்படியே படம் உறையும். தொடர் முழுவதிலும் இதைவிடச் சுத்தமான முடிவு கிடையாது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கையுறைக்கு முன்னால் இருக்கும் ஒரு மணித்தியாலத்தை இப்போது நான் தள்ளித் தள்ளித்தான் பார்க்கிறேன்.

“எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டோர்ம்” (1973) அப்படியில்லை. டொனால்ட் பிளெசன்ஸ் வைன் செய்கிறவர். தம்பி தோட்டத்தை விற்கப் போகிறான் என்றதும் ஆத்திரத்தில் தலையில் அடித்து, கட்டி, வைன் நிலவறைக்குள் போட்டு, குளிரூட்டியை நிறுத்திவிட்டு நியூயோர்க் போய்விடுகிறார். மூச்சு முட்டித் தம்பி சாகிறான். அந்த நாட்களில் வெளியே கொளுத்தும் வெயில். மனிதன் செத்தது மட்டுமில்லை, உள்ளே இருந்த அரிய வைன் எல்லாம் சூட்டில் கெட்டுப்போகிறது, அதைக் கவனிக்க அவருக்கு நேரம் வரவில்லை. வைன் பற்றி ஒன்றும் தெரியாத கொலம்போ கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறார், கடைசியில் உணவகத்தில் ஒரு போத்தல் பரிமாற ஏற்பாடு செய்கிறார். ஒரு வாய் வைத்ததும் மனுஷன் துள்ளி எழும்பி, இது கெட்ட வைன், பெருஞ்சூடு பட்டது என்று பரிமாறுபவரைப் பிடித்து ஏசுகிறார். அவருடைய சொந்த நிலவறையில் இருந்து கொலம்போ எடுத்து வந்த போத்தல் அது. ஆளைக் காட்டிக்கொடுத்தது அவருடைய நாக்குத்தான்.

எங்கள் சித்தப்பா ஒரு காலத்தில் முந்திரிகைப் பந்தல் போட்டவர், குலை பழுக்கிற நேரம் மழை வந்தால் இரவெல்லாம் நித்திரை கொள்ளாதவர். அவர் இந்த எபிசோட் முடியும்வரை கொலைகாரன் பக்கம்தான். “தோட்டத்தை விக்கிறவனை வேற என்ன செய்யிறது?” என்று கேட்டார், பகிடியா உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடைசியில் சிறைக்குப் போகும் வழியில் கார் நிற்க, கொலம்போ இனிப்பு வைன் ஒரு போத்தலை எடுக்கிறார். இருவரும் குடிக்கிறார்கள். தெரிவு சரி என்று கொலைகாரர் பாராட்டுகிறார், கொலம்போ உண்மையாகவே சந்தோஷப்படுகிறார். அந்த இரண்டு நிமிஷத்தில் வெறுப்பு ஒரு துளி இல்லை. செய்த பிழைக்கு மன்னிப்பும் இல்லை. அந்தச் சமநிலையைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்ப இதைப் போடுகிறேன்.

இதே குணம் ரூத் கோர்டன் நடித்த “ட்ரை அன்ட் கட்ச் மீ” (1977)இலும் உண்டு. மர்மக்கதை எழுதும் கிழவி, தன் உடன்பிறந்தவரின் மகளைக் கொன்றவன் என்று நம்பும் அவளுடைய புருஷனைப் பெரிய இரும்புப் பெட்டக அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார். அதில் ஒரு பெண்கள் கூட்டத்தில் கொலம்போவைத் திடீரென்று பேச எழுப்பிவிடுகிறார்கள். தனக்குத் தன் வேலையும் மனிதர்களும் பிடிக்கும், தான் பிடித்த கொலைகாரரில் சிலரையும் பிடித்திருக்கிறது, செய்த வேலைக்காக இல்லை, அவர்களிடம் இருக்கும் புத்திக்காகவும் நல்ல குணத்துக்காகவும் என்ற அர்த்தத்தில் பேசுவார். கிழவி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். முடிவில் தன் வயதைச் சொல்லி விட்டுவிடலாமா என்று அவர் மெல்லக் கேட்பதும், கொலம்போ மறுப்பதும் அந்தப் பேச்சோடு சேர்ந்துதான் எடுபடும்.

“ஃபொர்கொட்டன் லேடி” (1975) மட்டும் விதிவிலக்கு, அதில் அவர் கைது செய்யாமலே விடுகிறார். ஜனற் லீயின் பாத்திரத்துக்கு மூளையில் நோய், தான் கொன்றதே நினைவில் இல்லை, நெடுநாள் நண்பர் பழியைத் தான் ஏற்கிறார். அம்மாவோடு சேர்ந்து இதைப் பார்க்க வேண்டாம், அழுவார்.

மற்றவை சுருக்கமாக. “மேர்டர் பை த புக்” (1971) 24 வயது ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் இயக்கியது என்பதால் எல்லாப் பட்டியலிலும் மேலே நிற்கும். தட்டச்சுப் பொறிச் சத்தத்தோடு தொடங்கும் அந்த ஆரம்பம் அபாரம், முடிவில் ஆதாரம் வலுவில்லை. லெனார்ட் நிமோய் நடித்த “எ ஸ்டிச் இன் கிரைம்” (1973) நல்லது. பெரும்பாலும் குழைந்து கதைக்கும் கொலம்போ அதில் ஒருமுறை பொறுமை இழந்து மேசையில் ஓங்கிச் சத்தமெழுப்புவார், அந்த ஒரு கணத்தில் ஆளின் உண்மைக் கோபம் தெரியும். ஜொனி காஷ் பாடகராக வரும் “ஸ்வான் சோங்” (1974) பாட்டுக்காகவே பார்க்கலாம். “எ ஃப்ரெண்ட் இன் டீட்” (1974)இல் கொலைகாரன் பொலிஸின் துணை ஆணையாளர். லெப்டினன்ட் தன் மேலதிகாரியையே மடக்கும் கதையை இங்கே இருந்து பார்க்கும்போது வேறு சுவை. “உது அமெரிக்காவிலையும் நடக்காது” என்றார் சித்தப்பா.

இனி முறைப்பாடு. 1989க்குப் பிறகு வந்தவற்றில் பாதிக்கு மேல் இழுவை. நேரத்தை நிரப்பக் கொலம்போவைக் கோமாளியாக ஆக்கிவிடுகிறார்கள், கொலைகாரர்களுக்கும் கனம் போதாது. “நோ டைம் டு டை” (1992)இல் கொலையே கிடையாது, கடத்தல் மட்டும். அதற்கு ஏன் கொலம்போ? பழையவற்றிலும் “லாஸ்ட் சலூட் டு த கொமடோர்” (1976) ஆளை ஒளித்துவைத்து விளையாடப் பார்த்துக் கெட்டது. அதை இயக்கிய பற்றிக் மக்கூஹன்தான், நான்கு முறை கொலைகாரனாக வந்து தொடரின் மிகச் சிறந்த எதிராளியாகவும் இருந்தார் என்பது வேடிக்கை. அவருடைய “அஜென்டா ஃபோர் மேர்டர்” (1990), பிறகு “கொலம்போ கோஸ் டு கொலேஜ்” (1990), பிற்காலத்தில் இவை இரண்டும் போதும்.

நீளம் பற்றிச் சொன்னேன் அல்லவா. 2022இல் ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அப்போது அட்டவணையைப் பார்த்து, கரண்ட் இருக்கும் இடைவெளிக்குள் எந்த எபிசோட் அடங்கும் என்று கணக்குப் பண்ணித்தான் போடுவேன். முதல் வருஷத்துக் குட்டி எபிசோட்கள் அடங்கிவிடும். நீளமானவற்றில் ஒன்று, கொலம்போ வாசலில் திரும்பிய அதே இடத்தில் நின்றுபோனது. கதை முழுக்கத் தெரிந்திருந்தும் அம்மா மறுநாள் கரண்ட் வந்ததும் முதல் வேலையாக அதைப் போடச் சொன்னார்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் முதலாவதிலிருந்து ஒழுங்காகப் போக வேண்டியதில்லை, ஒன்றுக்கொன்று தொடர்ச்சி கிடையாது. “எ ஸ்டிச் இன் கிரைம்” முதலில் பாருங்கள், பிறகு மச்சானின் கையுறை எபிசோட், அதற்குப் பிறகு வைன். மூன்றும் பிடிக்கவில்லை என்றால் மிச்சம் 66ஐத் தொடவே வேண்டாம்.